நருமதை கட்டும் வேஷங்கள்

அமர்கண்டக்கில் நர்மதையின் ஊற்றுக்குளத்தைச் சுற்றி வெள்ளையடித்த கோயில்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே இடுப்பளவு உயரம்கூட இல்லாத ஒரு கல்யானை. அதன் கால்களுக்கு இடையே இருக்கும் சந்தில் படுத்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளியே வரவேண்டும். பாவம் செய்தவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள் என்பது ஐதீகம். நான் போன காலையில் நல்ல சரீரமுள்ள ஒரு பெரியவர் பாதி உள்ளே போய் நின்றுவிட்டார். மருமகன் காலைப் பிடித்து இழுக்கிறார். மனைவி தலைப்பக்கம் குந்தி உட்கார்ந்து, “என்ன செய்தீர்கள் என்று இப்போதாவது சொல்லிவிடுங்கள்” என்று விசாரணை நடத்துகிறார். குளத்தங்கரை முழுதும் சிரிப்பு. மாட்டிக்கொண்டவருக்கும் சிரிப்பு வந்துவிட்டதால் வயிறு குலுங்கி இன்னும் இறுகிப்போனது. கடைசியில் ஒரு பூசாரி வந்து, தோளைச் சாய், மூச்சை விடு என்று கைதேர்ந்த மருத்துவச்சியைப் போலச் சொல்லிச் சொல்லி அவரை வெளியே எடுத்தார்.

புண்ணிய தீர்த்தத்தின் கரையில் இப்படிச் சிரிக்கலாமா என்றால், தாராளமாகச் சிரிக்கலாம். நதியின் பேரே அதுதான். ‘நர்ம’ என்றால் விளையாட்டு, கேலி, பரிகாசம். அதைத் தருபவள் நர்மதா. சமஸ்கிருத நாடகங்களில் அரசன் கூடவே இருந்து அவனைச் சிரிக்கவைக்கும் தோழனுக்கு நர்மசசிவன் என்று பட்டம். மலையாளத்தில் இன்றைக்கும் நகைச்சுவைக்கு நர்மம் என்றே பேர். நம்மூர்ப் பெயர்ப் புத்தகங்கள் ‘இன்பம் தருபவள்’ என்று எழுதி, அந்தக் குறும்பை எடுத்துவிட்டுக் கையில் குத்துவிளக்கைக் கொடுத்துவிடுகின்றன.

பேருக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. கந்த புராணத்தின் ரேவா கண்டம் ‘ந ம்ருதா’ என்று பிரிக்கிறது: இறக்காதவள். ஊழிகள் வந்து கடல்களும் மற்ற ஆறுகளும் அழிந்தபோதும் இவள் மட்டும் வற்றவில்லை, அதனால் நர்மதா. இலக்கணக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கரையில் இருப்பவர்களுக்கோ இதுதான் பிடித்தது. அமரகோசம் தன் பங்குக்கு நான்கு பேர்களை வரிசையாகத் தருகிறது: ரேவா, நர்மதா, சோமோத்பவா, மேகலகன்யகா. கடைசிப் பேருக்கு மேகல மலையின் மகள் என்று பொருள். அந்த மலைதான் இன்று மைக்கால் தொடர். ரேவா என்றால் தாவித் தாவிப் போகிறவள். பழைய தமிழ் நூல்களில் இவள் நருமதை. கிரேக்கக் கடலோடிகளின் கையேட்டில் நம்மதுஸ்.

விந்தியத்தைப் படத்தில்கூடப் பார்க்காத தமிழ் வீடுகளிலும் இவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. சந்தியாவந்தனம் செய்கிறவர்கள் பாம்பு தீண்டாமல் காக்கச் சொல்லி நர்மதையைத்தான் கூப்பிடுகிறார்கள். விஷ்ணு புராணத்தில் நர்மதை நாகர்களின் குலப்பெண். தங்களை வதைத்த கந்தர்வர்களை அடக்க, நாகர்கள் அவளை அனுப்பிப் புருகுத்சன் என்ற அரசனை வரவழைக்கிறார்கள். அந்த நன்றிக்காக, அவள் பேரைச் சொல்கிறவனை எந்தப் பாம்பும் ஒன்றும் செய்யாது என்று வரம். என் தாத்தா தன் வாழ்நாளில் தஞ்சாவூர் ஜில்லாவை விட்டு அதிகம் நகர்ந்தவரில்லை. ஆனால் நர்மதைக்குத் தினமும் கும்பிடு போட்டுவிடுவார்.

விஷ்ணு புராணத்தில் புருகுத்சனின் மனைவியாகும் இவளை, அமர்கண்டக்கில் கன்னி என்கிறார்கள். அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சோணபத்திரன் என்ற ராஜகுமாரனுக்கு இவளை நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பார்த்துவரத் தோழி ஜோஹிலாவை அனுப்பினாள் நர்மதை, போதாததற்குத் தன் நகைகளையும் பூட்டி. போனவள் திரும்பவில்லை. அவன் அவளையே மணப்பெண் என்று நினைத்துக்கொண்டான், அவளும் மறுத்துச் சொல்லவில்லை. நேரில் போய்ப் பார்த்த நர்மதை, வந்த சுவடு தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேற்கே நடந்துவிட்டாள்; கல்யாணமே வேண்டாம் என்று.

வரைபடத்தை விரித்தால் கதை அப்படியே கிடக்கிறது. சோன் இதே மலைப்பகுதியில் பிறந்து வடகிழக்கே போய்க் கங்கையில் சேர்கிறது. ஜோஹிலா என்ற சிற்றாறும் இங்கேயே பிறக்கிறது. போய்ச் சேர்வது சோனில். நர்மதை மட்டும் தனியாக மேற்கே. தீபகற்பத்தின் பெரிய ஆறுகளில் கிருஷ்ணை, கோதாவரி, காவிரி, மகாநதி எல்லாம் கிழக்கே சாய்ந்திருக்க, இவளும் தபதியும்தான் எதிர்த்திசை. வடக்கே விந்தியம், தெற்கே சாத்பூரா, நடுவே பூமி பிளந்து இறங்கிய பள்ளத்தாக்கு. அதில் விழுந்த நீர் அப்படித்தான் ஓடும் என்கிறது நிலவியல். கதை சொன்னவர்களுக்குப் பிளவுப் பள்ளத்தாக்கு தெரியாது. ஆனால் எந்த ஆறு எதில் கலக்கிறது, எது யாரோடும் கலக்காமல் போகிறது என்பதைக் காட்டில் நடந்தே தெரிந்துவைத்திருந்தார்கள்.

குளத்தை விட்டு வெளியே வந்த நர்மதையை ஒரே தாவலில் தாண்டிவிடலாம். ஆனால் யாரும் தாண்டுவதில்லை. சால மரக்காட்டுக்குள் கொஞ்ச தூரம் சாதுவாக நடந்து, கபிலதாரையில் திடீரென்று பாறை விளிம்பிலிருந்து குதிக்கிறாள். அந்த இடத்தில் ரேவா என்ற பேருக்கு அகராதி தேவையில்லை. கீழே தூததாரையில் சிறு சிறு படிகளாக வழிந்து, பால் மாதிரி நுரைத்துக்கொண்டு ஓடுகிறாள். கரையில் குல்பகாவலிப் பூவிலிருந்து எடுத்த கண்மருந்தை விற்கும் ஒரு பைகா மூதாட்டி, வாங்காதவர்களின் கண்ணிலும் ஒரு சொட்டு விட்டுவிடத் தயாராக இருந்தார்.

இங்கிருந்து கடல்வரை 1,312 கிலோமீட்டர். அதை ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பி நடப்பதுதான் பரிக்கிரமா. நதி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். எங்கேயும் அதைக் கடக்கக் கூடாது. மழைக்கால நான்கு மாதம் ஓர் இடத்தில் தங்கிவிடவேண்டும். முறைப்படி நடந்தால் மூன்று வருஷம், மூன்று மாதம், பதின்மூன்று நாள். ஒரு ஆற்றை முழுதாக வலம்வரும் வழக்கம் இவ்வளவு உயிரோடு இருப்பது இங்கேதான். நடப்பவர்களுக்கு ஊர்கள் சோறு போடுகின்றன, அல்லது மாவு, பருப்பு, உப்பைச் சதாவிரதமாகக் கொடுக்கின்றன. ஆசிரமத்து வாசலில் “எத்தனை மூர்த்தி?” என்று கேட்கிறார்கள். எத்தனை பேர் என்று கேட்பதில்லை. வந்திருப்பது விக்கிரகங்கள் என்கிற கணக்கு. வணக்கத்துக்கும் விடைபெறுவதற்கும் அதிர்ச்சிக்கும் அலுப்புக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: நர்மதே ஹர்.

நான் பரிக்கிரமா செய்யவில்லை. இந்தக் கரை, அந்தக் கரை என்று மாறி மாறி, விதிகள் அத்தனையையும் மீறிக்கொண்டு கீழ்நோக்கிப் போனேன்.

மண்டலாவில் கோண்டு அரசர்களின் கோட்டையை ஆறு மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு போகிறது. அக்பரின் படையோடு மோதி 1564-ல் உயிர்விட்ட ராணி துர்காவதியின் நினைவு இந்தப் பக்கமெல்லாம் பசுமையாக இருக்கிறது. மண்டலாவைத் தாண்டியதும் நர்மதையின் குரல் அடங்கிவிடுகிறது. பர்கி அணையின் நீர்த்தேக்கம். நர்மதையின் மேல் கட்டி முடிக்கப்பட்ட முதல் பெரிய அணை இது, 1990-ல். 162 கிராமங்களைத் தண்ணீரும் அதன் வேலைகளும் எடுத்துக்கொண்டன. கரையில் நின்று பார்த்தால் அக்கரை தெரியாத அளவுக்கு நீர், அசைவே இல்லாமல். நல்ல அழகுதான். ஆனால் ‘தாவுகிறவளே’ என்று இந்த இடத்தில் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அணையைக் கடந்து ஜபல்பூரைத் தொட்டு, பேடாகாட் வந்ததும் பழைய குணம் திரும்பிவிடுகிறது. துவாந்தாரில் ஆறு மொத்தமும் பாறைக் குழிக்குள் விழுந்து, எழும்பும் திவலை புகையாகவே நிற்கிறது. பேரே ‘புகையும் தாரை’தான். அடுத்து, சுமார் மூன்று கிலோமீட்டருக்குச் சலவைக்கல் பாறைகளின் நடுவே ஒடுங்கிப் போகிறாள். வெள்ளை, சாம்பல், இளம்பச்சை, சில இடங்களில் கறுப்பு. இரண்டு பக்கச் சுவர்களும் நெருங்கும் ஓரிடத்துக்குக் குரங்குத் தாவல் என்று பேர். முன்பு குரங்குகள் இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தாவுமாம். பாறை தேய்ந்து இடைவெளி அகன்றதும் நிறுத்திக்கொண்டனவாம்.

இங்கே பார்க்கவேண்டியது பாறைகளை, கேட்கவேண்டியது படகுக்காரர்களை. துடுப்புப் போட்டுக்கொண்டே, மூச்சு விடாமல், எதுகை வைத்து வர்ணனை செய்கிறார்கள். இந்தப் பாறையில் பசு முகம் பாருங்கள், அந்தப் பாறையில் பழைய கார் பாருங்கள், இந்த இடத்தில் ஆழம் கேட்காதீர்கள், மாமியார் மனசு மாதிரி, இறங்கித்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அப்பாவிடம் கற்றுக்கொண்ட அடிகளோடு பிள்ளைகள் புதிது புதிதாகக் கோத்துக்கொள்கிறார்கள். எங்கள் படகோட்டி மிகவும் பெருமையாகச் சொன்னது ஒரு சினிமாச் செய்தி. ராஜ் கபூர் நடித்து 1960-ல் வந்த படத்தின் பாட்டை இந்தப் பாறைகளுக்கு நடுவேதான் எடுத்தார்கள். படத்தின் பேர் ‘கங்கை பாயும் நாட்டில்’ என்று பொருள்படும் ‘ஜிஸ் தேஷ் மே கங்கா பஹதீ ஹை’. “பேர் கங்கைக்கு, வேலை எங்கள் அம்மாவுக்கு” என்றார் அவர். படகு முழுக்கச் சிரித்தது. நர்மதை மற்ற நதிகளுக்காக வேஷம் கட்டுகிறாள் என்பது எனக்கு முதலில் உறைத்தது அங்கேதான். அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் அதுவே கண்ணில் பட்டது.

பேடாகாட்டின் குன்றின்மேல் பத்தாம் நூற்றாண்டுச் சௌன்சட் யோகினி கோயில். பேர் அறுபத்துநான்கு யோகினிகளுக்கு. வட்டச் சுற்றில் இருக்கும் மாடங்கள் 81. திரிபுரியிலிருந்து ஆண்ட கலசூரிகள் கட்டியது. யோகினிகள் பலரின் முகமும் மூக்கும் உடைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் இடுப்பில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தோரணை போகவில்லை. நடுவிலுள்ள சன்னிதியில் சிவனும் பார்வதியும் நந்தியின்மேல் ஏறி எங்கோ கிளம்பிவிட்டார்கள்.

ஜபல்பூருக்குக் கீழே பள்ளத்தாக்கு விரிந்து கோதுமை வயல்களாகிறது. கறுப்பு மண், அகன்ற ஆறு, நீண்ட சமவெளி. பழைய இந்தியா தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்ட கோடு இது: வடக்கே உத்தராபதம், தெற்கே தட்சிணாபதம். ஏழாம் நூற்றாண்டில் கன்னோசியின் ஹர்ஷர் இந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்தார். சாளுக்கியன் இரண்டாம் புலகேசி நர்மதையருகே தடுத்து நிறுத்தினான். 634-ம் ஆண்டைச் சேர்ந்த ஐஹொளே கல்வெட்டில் கவி ரவிகீர்த்தி இந்த வெற்றியைச் சொல்லும்போது சும்மா இருக்கவில்லை: ஹர்ஷனின் ஹர்ஷம் கரைந்தது என்று பேரை வைத்தே குத்துகிறார். மகிழ்ச்சி என்று பேர்வைத்த அரசன், சிரிப்பைத் தரும் நதியிடம் வந்து தன் மகிழ்ச்சியைத் தொலைத்தான். அந்தப் புலகேசிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 642-ல் நரசிம்மவர்மன் வாதாபி போனதைக் கல்கி நமக்கெல்லாம் பாடமாகவே வைத்துவிட்டார்.

இதே சமவெளியில், ஹத்னோரா என்ற கிராமத்தருகே ஆற்றின் சரளைப் படிவில், 1982-ல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் அருண் சோனாகியா ஒரு மண்டையோட்டுத் துண்டைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கிடைத்த ஆதிமனிதப் புதைபடிவங்களில் மிகப் பழையது அதுதான். நவீன மனிதனுக்கு முந்தைய இனம். எந்த ஊழியைத் தாண்டி வந்தவள் இவள் என்று ரேவா கண்டம் கணக்குச் சொல்லும்போது முழுக்கச் சிரித்துவிட முடியவில்லை.

பக்கத்திலேயே நகரம், ஹோஷங்காபாத். மால்வா சுல்தான் ஹோஷங் ஷாவின் பேரால் இருந்தது இப்போது நர்மதாபுரம். சேட்டானி படித்துறையின் அகன்ற படிகளில் நர்மதா ஜெயந்தியன்று, மாக மாத வளர்பிறை ஏழாம் நாளன்று, ஆற்றுக்குச் சேலை சாத்துகிறார்கள். சேலைமேல் சேலையாக முடிச்சுப்போட்டு, படகுகள் ஒரு முனையைப் பிடித்துப் போக, இக்கரையிலிருந்து அக்கரைவரை ஒரே துணி. பரிக்கிரமாக்காரர் கடக்கக்கூடாத ஆற்றை அவளுடைய சேலை கடக்கிறது. நேமாவரில் நதியின் தொப்புள் என்று ஒரு குண்டத்தைக் காட்டுகிறார்கள். மூலத்துக்கும் முகத்துக்கும் நட்டநடு என்று நம்பிக்கை.

தொப்புளுக்குக் கீழே இந்திரா சாகர். 1,222 கோடி கனமீட்டர் நீர் பிடிக்கும். இந்தியாவின் ஆகப் பெரிய தேக்கங்களில் ஒன்று. ஹர்சூத் என்ற பழைய ஊர் இதற்குள் இருக்கிறது. 2004 கோடையில் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே இடித்து, கதவும் ஜன்னலும் ஓடும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நர்மதைத் திட்டத்தின் மொத்தக் கணக்கு 30 பெரிய அணைகள், 135 நடுத்தர அணைகள், 3,000 சிறு அணைகள். படிக்கட்டு மாதிரி ஒன்றன் தேக்கம் முடியுமிடத்தில் இன்னொன்று. குதித்துக் குதித்து இறங்கியவளுக்கு இப்போது படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கும் நடை.

ஓங்காரேஷ்வர் ஒரு தீவு. ஜோதிர்லிங்கம் தீவில், எதிரே தென்கரையில் மமலேஷ்வர். மேலிருந்து பார்த்தால் தீவு ஓம் என்ற எழுத்தாகத் தெரியும் என்கிறார்கள். நம்பிக்கையோடு பார்த்தால் தெரியும். பரிக்கிரமாவில் இருப்பவர்கள் தீவுக்குள் போக முடியாது, ஆற்றைக் கடந்ததாகிவிடும். தென்கரைப் படித்துறையில் நின்று, கைக்கெட்டும் தூரத்திலிருக்கும் சிகரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்கள். முழுச் சுற்றும் முடிந்த பிறகுதான் உள்ளே அனுமதி.

கோயிலுக்கடியில் கோவிந்த பகவத்பாதரின் குகை. காலடியிலிருந்து நடந்துவந்த சிறுவன் சங்கரன் குருவைக் கண்டது இங்கே என்பது மரபு. குரு உள்ளே நிஷ்டையில் இருக்க, நர்மதை பெருகிக் குகைவாசலுக்கு வந்தாள். சங்கரன் கமண்டலத்தை வைத்து வெள்ளம் முழுவதையும் அதற்குள் அடக்கிவிட்டான். நர்மதைக்கு வைத்த முதல் அணை ஒரு கமண்டலம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது மலைமேல் அந்தச் சிறுவனுக்கு 108 அடிச் சிலை, 2023-லிருந்து. கூப்பிடு தூரத்தில் ஓங்காரேஷ்வர் அணை. அதன் நீர்மட்டத்தை உயர்த்தியபோது, 2012-ல், கோகல்காவ் கிராமத்தார் கழுத்தளவுத் தண்ணீரில் 17 நாள் நின்றார்கள். தோல் வெளுத்து உரிந்த பாதங்களின் படங்கள் அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன.

நான் எதிர்பார்க்காதது இங்கே சந்தித்த இன்னொரு நதியை. தெற்கே கண்டவா பக்கமிருந்து வந்து கலக்கும் சிற்றாற்றின் பேர் காவேரி. நம்முடைய பேரேதான். தென்பக்கம் வந்து நர்மதையில் சேரும் அவள், கலக்காமல் குறுக்கே புகுந்துபோய், தீவின் வடபுறத்தைச் சுற்றிக்கொண்டு, மேற்கு முனையில் மறுபடி நர்மதையோடு சேர்கிறாள் என்று சொல்கிறார்கள். அதனால் வடக்கு வாய்க்காலையும் காவேரி என்றே அழைக்கிறார்கள். குபேரன் தவம் செய்த சங்கமம் என்று புராணம். குடகிலிருந்து பூம்புகார்வரை எனக்குத் தெரிந்த காவிரி ஒருத்திதான். இவளைப் பார்த்ததும், ஊர்க்காரரை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது. வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், எங்கள் ஊரிலும் ஒரு காவேரி இருக்கிறாள் என்றேன். “அங்கேயும் போகிறாளா?” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

நர்மதையின் கங்கர் எல்லாம் சங்கர் என்பது இங்குள்ள வழக்கு: கூழாங்கல் ஒவ்வொன்றும் சிவன். தமிழ்நாட்டுப் பூசை அறைகளில் பாணலிங்கம் என்று இருப்பவை இங்கிருந்து வந்தவைதான். தாராஜிக்குக் கீழே இருந்த தாவடிக் குண்டத்தில், அருவி விழும் வேகத்தில் கற்கள் குழிக்குள் சுழன்று சுழன்று, ஒன்றோடொன்று உரசி, முட்டை வடிவமாகும். சிற்பி தேவையில்லை. அந்த அருவியும் குண்டமும் இப்போது ஓங்காரேஷ்வர் தேக்கத்துக்கு அடியில். கீழே பகாவாங் கிராமத்தில் வீட்டுக்கு வீடு இயந்திரச் சக்கரம் சுற்றுகிறது; ஆற்றுக்கல்லைப் பிடித்துத் தேய்த்து லிங்கமாக்குகிறார்கள். நீர் செய்த வேலையை மின்மோட்டார் செய்கிறது. நான் ஒன்று வாங்கினேன். சுயம்புவா என்று கேட்டதற்குக் கடைக்காரர், “கல் சுயம்பு, வழவழப்பு நாங்கள்” என்று நேர்மையாகச் சொன்னார்.

மகேஷ்வரில் ஆறு மறுபடி ஆறாகத் தெரிகிறது. அஹில்யாபாய் ஹோல்கர் 1767 முதல் 1795 வரை ஆண்ட தலைநகரம். காசி விசுவநாதர் கோயிலை 1780-ல் திரும்பக் கட்டிக்கொடுத்த அம்மையார், தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு மரத்தூண்கள் வைத்த ஓர் எளிய முற்றம். செலவெல்லாம் படித்துறைகளுக்கு. காலையில் அங்கே பிராமணர்கள் உட்கார்ந்து கறுப்பு மண்ணைப் பிசைந்து, பலகை பலகையாக விரல்நுனி அளவுள்ள லிங்கங்களைப் பிடித்து, பூசித்து, ஆற்றில் விடுகிறார்கள். அவர் தொடங்கிய வழக்கம், நிற்கவில்லை. நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தியதும் அவர்தான். மகேஷ்வரிச் சேலையின் கரையில் ஆற்று அலை ஓடும். தறிகள் நலிந்த பிறகு, 1979-ல் ஹோல்கர் குடும்பத்தார் தொடங்கிய நெசவுச் சங்கத்துக்கு வைத்த பேரும் ரேவாதான்.

பழைய மாஹிஷ்மதி இதுதான் என்கிறார்கள். (மண்டலாக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். தெலுங்கு சினிமாக்காரர்கள் பேரை எடுத்துக்கொண்டு ஊரை ஸ்டூடியோவில் கட்டிக்கொண்டார்கள்.) மாஹிஷ்மதியின் அரசன் கார்த்தவீரியார்ஜுனனுக்கு ஆயிரம் கை. மனைவியரோடு ஜலக்கிரீடை செய்தவன், விளையாட்டுக்கு ஆயிரம் கைகளையும் விரித்து நதியை நிறுத்தினான். நீர் பின்வாங்கி மேலேறிற்று. மேலே கரையில் சிவபூசை செய்துகொண்டிருந்தவன் ராவணன். பூசைப் பூக்களெல்லாம் அடித்துக்கொண்டு போயின. சண்டைக்கு வந்த ராவணனைக் கட்டிச் சிறையில் போட்டான் கார்த்தவீரியன். தாத்தா புலஸ்தியர் வந்து கேட்டபிறகுதான் விட்டான். உத்தர காண்டத்தில் இருக்கும் கதை. அணைப் பின்னீரில் சொத்து இழந்து, கேட்கப் போன இடத்தில் கைதும் ஆன முதல் ஆள் ராவணன் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்காவது பரிந்துபேச ஒரு ரிஷி இருந்தார்.

இந்தப் படித்துறைகளில்தான் மணிரத்னம் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் சில காட்சிகளை எடுத்தார். பேர் பொன்னிக்கு, வேலை நர்மதைக்கு. பேடாகாட் படகோட்டியிடம் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார். சினிமாவோடு நின்றால் பரவாயில்லை. உஜ்ஜயினியில் சிம்மஸ்த கும்பமேளாவுக்குச் சிப்ரை நதியில் முங்குகிறார்கள். சிப்ரை வறண்டுபோனதால், 2014-ல் நர்மதை நீரைக் குழாய் வழியே மேட்டுக்கு ஏற்றி அதன் மூலத்தில் விட்டார்கள். 2016 மேளாவில் லட்சக்கணக்கானோர் சிப்ரை என்று முங்கியதில் ஓடியது நர்மதை. அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் மாலை நேரம் உலாவுகிறவர்கள் பார்ப்பதும் பெரும்பாலும் நர்மதைக் கால்வாயின் நீரைத்தான். இந்தூர் 1970-களின் கடைசியிலிருந்து குடிப்பதும் இவளையே. கங்கைகூட வருஷத்துக்கு ஒருமுறை கறுத்த பசுவாக வந்து நர்மதையில் குளித்து வெள்ளையாகத் திரும்புகிறாள் என்று இந்தக் கரையில் ஒரு கதை உண்டு. மற்ற நதிகள் இவளிடம் வருவது கதையில். நிஜத்தில் இவள்தான் மோட்டார் ஏறி அவற்றிடம் போகிறாள்.

கரையோரக் கிராமங்களில் குறுக்கே கால்வாய்கள் ஓடுகின்றன. பரிக்கிரமா விதிப்படி நர்மதையைக் கடக்கக் கூடாதென்றால், நர்மதை நீர் ஓடும் கால்வாயைக் கடக்கலாமா? மண்டலேஷ்வர் அருகே ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு சாதுவிடம் கேட்டேன். பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: “அம்மா வீட்டுக்குள் இருக்கும்போதுதான் தாண்டக் கூடாது. வேலைக்குப் போயிருக்கும்போது தாண்டலாம்.”

பட்வானிக்கருகே ராஜ்காட். காந்தி, கஸ்தூரிபா, மகாதேவ் தேசாய் மூவரின் அஸ்தியும் வைத்த நினைவிடம் இங்கே இருந்தது. சர்தார் சரோவர் அணையின் நீர் ஏறும் என்று 2017-ல் பெயர்த்து எடுத்தார்கள். அடிக்கல் 1961-ல் நேரு வைத்தது. நடுவர் மன்றம், மேதா பாட்கரின் இயக்கம், 1993-ல் விலகிக்கொண்ட உலக வங்கி, 2000-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று நீண்ட வழக்கு. 138.68 மீட்டர் உயரத்துக்கு அணை 2019-ல்தான் முதன்முறை முழுதாக நிரம்பியது. நீர் இறங்கியிருந்த காலத்தில் போனேன். வெளுத்த மரங்கள் நின்றபடியே செத்திருந்தன. சேற்றில் வீடுகளின் அஸ்திவாரக் கோடுகள். குஜராத்தின் வறண்ட கட்சுக்கும் சௌராஷ்டிரத்துக்கும் தண்ணீர் போகிறது, அது பொய்யில்லை. அங்கே குழாயடியில் நிற்கும் பெண்ணிடம் போய் இந்த அஸ்திவாரங்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் மத்தியப் பிரதேசச் சட்டசபை நர்மதையை உயிருள்ள ஜீவன் என்று தீர்மானம் போட்டதும் அதே 2017-ல்தான் என்பதைப் படித்தபோது, இறக்காதவள் என்ற பேரைக் காப்பாற்றத் தீர்மானம் போடவேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜபல்பூரின் ஓவியர் அம்ரித்லால் வேகட், சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர், ஐம்பது வயதை ஒட்டி 1977-ல் இந்தக் கரைகளில் நடக்கத் தொடங்கினார். துண்டு துண்டாக, வருஷக்கணக்கில். வரைந்தார், எழுதினார், 2018-ல் காலமானார். அவர் நடந்த பாதைகளில் பல இன்று நீருக்கடியில். பரிக்கிரமாக்காரர்கள் புதிய கரையோரம் புதிய வழி கண்டுகொள்கிறார்கள், பல இடங்களில் தார்ச்சாலையில். சூலபாணிக் காட்டில் முன்பெல்லாம் பில் பழங்குடியினர் யாத்ரீகர்களை வழிமறித்து, கட்டிய துணிவரை உருவிக்கொள்வார்கள். யாத்ரீகர்கள் அவர்களை மாமா என்பார்கள். அம்மா நர்மதை, அம்மாவின் தம்பிகள் மாமாதானே, மூட்டையை இறக்கிவைப்பது அவர்கள் உரிமை. அந்தக் காட்டின் பெரும்பகுதியையும் சூலபாணேஷ்வர் கோயிலையும் தேக்கம் மூழ்கடித்தது. இப்போது அங்கே மாமாக்களே ரொட்டி சுட்டுப் போட்டு அனுப்புகிறார்கள் என்று கேட்டேன்.

அணையடியில் 182 மீட்டர் படேல் சிலை. கூட்டம். நான் அதிக நேரம் நிற்கவில்லை.

பரூச்சில் நதி அகன்று, சோம்பி, உவர்த்துவிடுகிறது. கிரேக்கர் பாரிகஸா என்று அழைத்த பிருகுகச்சம். ரோமாபுரிக் கப்பல்கள் வந்த துறைமுகம். நம்மூர் முசிறிக்குச் சமகாலத்துக் கூட்டாளி. 1881-ல் கட்டிய இரும்புப் பாலத்துக்குத் தங்கப் பாலம் என்று பேர். மேலே நீர் நின்றுவிட்டதால் கடல் உள்ளே ஏறிவிட்டது, பால்வா மீன் குறைந்துவிட்டது என்கிறார்கள் மீனவர்கள். பால்வா என்பது வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாவேதான். அதற்கு ஆற்று நீர் வேண்டும்; கடலிலிருந்து ஏறி நல்ல நீரில் முட்டையிடும் ஜாதி.

தென்கரையின் கடைசி ஊர் விமலேஷ்வர். நடந்தே வந்தவர்கள் இங்கிருந்து படகேறி வடகரையின் மீட்டி தலாய்க்குப் போகவேண்டும். ஆற்றைக் கடக்கக் கூடாது என்பவர்கள் இங்கே மட்டும் கடக்கலாம், ஏனென்றால் இது ஆறில்லை, கடல். ஆறு எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கிற்று என்று யாரும் கோடு போடவில்லை. ஓதம் ஏறும்போதுதான் படகு மிதக்கும். அதுவரை சேற்றங்கரையில், கூடாரத்தில், கிச்சடி சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். கொண்டுவந்த சிறு சீசாக்களில் நர்மதை நீர், வழி நெடுக ஊற்றி ஊற்றிக் கலந்தது.

சாதாராப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், எழுபது இருக்கும், பாதங்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓங்காரேஷ்வரில் சங்கல்பம் செய்து புறப்பட்டவர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

“உங்கள் பக்கத்து மாயி யார்?”

“காவேரி.”

“ஓ, காவேரியா!” முகம் மலர்ந்துவிட்டது. “கிளம்புமுன் பார்த்தோமே, ஓங்காரேஷ்வரில். ரொம்பச் சின்னவள் பாவம். அவளை நம்பி அவ்வளவு பெரிய ஊரா?”

எண்ணூறு கிலோமீட்டர், கல்லணை, டெல்டா என்று நான் ஆரம்பிப்பதற்குள் தண்ணீர் படகைத் தொட்டுவிட்டது. படகுக்காரர் “நர்மதே ஹர்” என்று ஒரு சத்தம் போட்டு, மூர்த்திகளை எண்ணி ஏற்றத் தொடங்கினார். அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு, “வா, வா, உன் காவேரி கதையைப் படகில் சொல்லு, நாலு மணி நேரம் ஆகும்” என்றார்.